அண்டசராசரத்துக்கு என்ன சர்வே நம்பர்?

போன ஞாயித்துக்கிழமை காலைல அப்பா சாயாவ ஆற வச்சிட்டு, கண்ணாடிய மூக்கு நுனிக்கு இறக்கி விட்டுட்டு, எனக்க ஒரு கதைய சினிமாவா எடுக்கக் கேட்டு மெயில்ல வந்த அக்ரிமென்ட்ட வாசிச்சுட்டு இருந்தாரு. வாசிச்சாருன்னா, அது முழுக்க இங்கிலீஷு, நான் ஒவ்வொரு வரியா தமிழ்ல சொல்ல சொல்ல அவரு தலையாட்டிட்டே வந்தாரு, அவ்ளோதான். ஒன்பதாவது பக்கம் வந்தப்ப "நில்லு நில்லு, இப்ப என்ன சொன்னா?"ன்னாரு.

"கதையோட எல்லா உரிமையும் அண்டசராசரம் முழுக்க, காலாகாலத்துக்கும் அவங்களுக்குன்னு போட்டிருக்குப்பா."

"மோளே, அண்டசராசரம்னா எந்த வில்லேஜு, என்ன சர்வே நம்பரு?"

நான் சிரிச்சுட்டேன். அவரு சிரிக்கல. அப்பா பத்திரம் எழுதுறவரு, ரிஜிஸ்ட்ரார் ஆபீசுக்கு எதுக்க ஒரு சின்ன ரூம்ல 38 வருஷமா எழுதிட்டு இருக்காரு, நாலு எல்கை எழுதாத பத்திரத்த அவருக்கு பத்திரம்னு ஒத்துக்கவே முடியாது. கிழக்க ரோடு, மேக்க ஓடை, வடக்க இன்னாருக்க புரயிடம், தெக்க இன்னாருக்க ரப்பர் தோட்டம்னு இருந்தாத்தான் அவருக்கு அது பூமி, இல்லேன்னா வெறும் பேச்சு. அப்படிப்பட்ட மனுஷன்கிட்ட போயி அண்டசராசரம்னு சொன்னா என்ன ஆகும்?

கொஞ்சம் முன்னாடில இருந்து சொல்லணும், இல்லேன்னா புரியாது.

நான் மார்த்தாண்டத்துல ஒரு டி.டி.பி. கடைல வேல பாக்கேன். கல்யாண கார்டு, கோயில் கொடை நோட்டீசு, சர்ச் திருவிழா நோட்டீசு, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், காலேஜ் புள்ளைங்களோட புராஜெக்ட்டு, எல்லாம் அடிப்பேன். மத்தியானம் கரண்ட் இருந்தும் ஆள் வராத ஒரு ரெண்டு மணி நேரம் கிடைக்கும், அதுல எனக்க கதைகள அடிச்சு வைப்பேன். எழுத கத்துக்கிட்டது எங்கன்னு யாராவது கேட்டா கண்ணீர் அஞ்சலிலன்னுதான் சொல்லுவேன், வெளையாட்டுக்கு இல்ல. ஒரு மனுஷன் 70 வருஷம் இருந்துட்டு போயிருப்பாரு, மவன் வந்து நின்னு அப்பாவ பத்தி முக்கால் மணி நேரம் அழுதுட்டே சொல்லுவான், போஸ்டர்ல இடம் நாலு வரிதான். எத எடுக்கணும் எத விடணும்னு அங்கதான் கை பழகிச்சு. "அன்பு, பாசம், நேர்மை"ன்னு போட்டா எல்லா செத்தவனும் ஒரே ஆளாயிருவான். "காலைல நாலு மணிக்கே வேலைக்கு எல்லாருக்கும் முன்ன நிக்கிற மனுஷன்"னு ஒருத்தருக்கு போட்டேன், அந்தக் குடும்பம் இப்பவும் கடைக்கு வந்தா எனக்கு மட்டிப்பழம் கொண்டு வரும்.

சிறுகதை ஒரு பன்னெண்டு எழுதி, அதுல ஏழு பத்திரிகைல வந்து, அப்புறம் ஒரு தொகுப்பு போட்டேன். புத்தகம் 180 ரூபா, ராயல்டி 10 சதவீதம், அதாவது ஒரு புத்தகத்துக்கு 18 ரூபா. 300 காப்பி வித்து முடிய ரெண்டரை வருஷம் ஆச்சு. 5,400 ரூபா. எங்க கடைல ரெண்டு கல்யாணத்துக்கு கார்டு அடிச்சா வர்ற லாபம். இத நான் குறையா சொல்லல, கணக்கா சொல்லுதேன். எழுத வாற பிள்ளைங்க இந்தக் கணக்க முதல்லயே தெரிஞ்சு வச்சுக்கிட்டா பின்னால நெஞ்சு வலிக்காது. நம்ம கன்னியாகுமரி ஜில்லாவுல எழுதின பெரிய ஆளுங்க பலரும் எழுத்த மட்டும் நம்பி அடுப்பு பத்த வைக்கல. சுந்தர ராமசாமிக்கு நாகர்கோவில்ல ஜவுளிக்கடை, தோப்பில் முகமது மீரானுக்கு வத்தல் வியாபாரம், நாஞ்சில் நாடனுக்கு பம்பாய்ல கம்பெனி வேல, ஜெயமோகனுக்கு ரொம்ப காலம் டெலிபோன் ஆபீசு. எனக்கு டி.டி.பி. வரிசைல நானும் இருக்கேன்னு சொல்ல வரல, அந்த அளவு திமிரு கிடையாது, ஆனா கடைய விட்டுட்டு மெட்ராஸ் போயி சினிமால எழுதப் போறேன்னு ஒரு நாள் ராத்திரி நான் கிளம்பி நின்னப்ப அம்மா இந்த நாலு பேரையும்தான் சொன்னா, அவ ஒருத்தரையும் வாசிச்சது கிடையாது, எல்லாம் நான் சொல்லி கேட்டதுதான். அதனால போகல. லீவு போட்டுட்டு போனேன், அனந்தபுரி எக்ஸ்பிரஸ்ல குழித்துறைல ஏறி.

சினிமா பக்கம் எப்படி திரும்பினேன்னா, எனக்க ஒரு கதைய வாசிச்சுட்டு ஒரு கோ-டைரக்டர் அண்ணன் கூப்பிட்டாரு, இத ஸ்கிரிப்ட்டா எழுதி அனுப்புங்கன்னு. மூணு வாரத்துல எழுதி அனுப்பினேன். ரெண்டு நாள் கழிச்சு போன். "மேடம், ஃபைல தொறந்தா ஒரே ஏ பி சி டியா வருது, இது என்ன மொழி?" நான் கடைல பழகின பாமினி ஃபான்ட்ல அடிச்சு அனுப்பிட்டேன், அவரு போன்ல பாமினி இல்ல. சினிமால எனக்க முதல் அடி அதுதான், நான் ஃபான்ட்டுல சறுக்கி விழுந்தவ. அன்னிக்கு ராத்திரியே உக்காந்து தமிழ்99 கீபோர்டு பழக ஆரம்பிச்சு, எந்த போன்லயும் தமிழாவே தெரியுற யூனிகோடுக்கு மாறினேன், பத்து நாள் விரல் பின்னிச்சு.

யூனிகோடுல அனுப்பினதுக்கப்புறம் அவரு வாசிச்சாரு. வாசிச்சுட்டு, பாதி வரிய மஞ்சள் அடிச்சு திருப்பி அனுப்பினாரு. மஞ்சள் அடிச்சதெல்லாம் நான் ரொம்ப ரசிச்சு எழுதின வரிங்க. "அவளுக்கு தன்னோட இருபது வருஷமும் அந்த மரங்களுக்குள்ள ஒழுகிப் போனதா தோணிச்சு." பக்கத்துல அவரு ஒரே வார்த்தை போட்டிருந்தாரு: "எப்படி எடுக்கது?"

ஒரு மூணு மணி நேரம் எனக்கு எரிச்சலான எரிச்சல். பொறவு யோசிச்சா அவரு சொன்னது சரிதான். கதைல நான் அவ தலைக்குள்ள உக்காந்து பேசலாம், கேமராவுக்கு தலைக்குள்ள போக வழி கிடையாது, அதுக்கு முகமும் கையும் சாமானும்தான் தெரியும். அந்தக் கதை என்னன்னா, ரப்பர் பால்வெட்டுக்காரன் ஒருத்தன் செத்துப் போறான், அவனுக்க பொண்டாட்டி அவன் வெட்டிட்டு இருந்த 300 மரத்த தானே வெட்டப் போறா, நெத்தில டார்ச்ச கட்டிக்கிட்டு, விடியறதுக்கு முன்ன. ரப்பர் வெட்டுறத பத்தி தெரியாதவங்களுக்கு சொல்லுதேன், வெயில் ஏறிட்டா பால் சரியா ஒழுகாது, அதான் இருட்டோட போறது. பட்டைய ஆழமா வெட்டினா உள்ள இருக்கிற தடிக்கு காயம் ஆகி மரம் முண்டு முண்டா வீங்கும், மேலாக்க வெட்டினா பாலு வராது. அவளுக்கு முதல்ல கை நிக்காது, மரமெல்லாம் காயமாகும், தோட்டக்காரன் திட்டுவான். கடைசில ஒரு நாள் இது வேண்டாம்னு முடிவெடுக்கா. கதைல அந்த முடிவ ஒன்றரை பக்கம் அவ மனசுக்குள்ளயே எழுதியிருந்தேன். ஸ்கிரிப்ட்ல என்ன செய்ய?

ரெண்டு வாரம் ஒண்ணும் ஓடல. அப்புறம் ஒரு நாள் குலசேகரம் போற பஸ்ல ஜன்னல் வழியா ஒரு தோட்டத்த பாத்தேன், மரத்துல கம்பி மட்டும் இருந்தது, பால் பிடிக்கிற சிரட்ட இல்ல. அங்கேயே கிடைச்சிருச்சு. அவ ஒவ்வொரு மரமா போயி சிரட்டயையும் அத தாங்குற கம்பியையும் கழட்டி சாக்குல போடுதா. 300 மரம். வசனம் கிடையாது. சாக்கு நெறையுற சத்தம் மட்டும். கடைசி மரத்துல கைய வச்சிட்டு நின்னு, அதுல மட்டும் சிரட்டய கழட்டாம வாறா. அந்த அண்ணன் இத வாசிச்சுட்டு "இப்ப எடுக்கலாம்"னாரு. ஒன்றரை பக்கம் அரைப் பக்கமாச்சு. எழுத்துல நான் கத்துக்கிட்ட பெரிய பாடம் எதுன்னு கேட்டா எனக்கு இந்த சாக்குதான் ஞாபகம் வரும்.

ஆனா அவரு அதோட விடல. "விடியக்காலம்"னு எத்தனை சீன்ல போட்டிருக்கீங்கன்னு கேட்டாரு. எண்ணினா 14. வெளிச்சம் வந்தும் வராமலும் இருக்கிற அந்த நேரம் ஒரு நாளைக்கு 20, 25 நிமிஷம்தான் கிடைக்கும், அதுக்குள்ள ரெண்டு ஷாட் எடுத்தா பெருசு, அப்ப 14 சீனுக்கு எத்தனை நாள் யூனிட் உக்காந்து சாப்பிடணும்னு கணக்கு போட்டு காட்டினாரு. பாதிய சாயங்காலம் எடுத்து காலைன்னு ஒப்பேத்தலாம், மீதிய ராத்திரியாக்குங்க, அவ நெத்தி டார்ச் தான் லைட்டு, செலவும் குறையும் பாக்கவும் நல்லாருக்கும்னாரு. "மழை"ன்னு நான் சும்மா ஒரு வார்த்தை போட்டிருந்தேன், அந்த ஒரு வார்த்தைக்கு தண்ணி லாரி, பைப்பு, ஜெனரேட்டரு, நனைஞ்ச உடுப்புக்கு இன்னொரு செட்டு, ஆளுக்கு காய்ச்சல். அதே மாதிரி இலை உதிர்ந்து கெடக்கிற தோட்டம்னு எழுதியிருந்தேன், அது தை மாசிலதான் கிடைக்கும், அதுக்கப்புறம் செம்பு கலர்ல புது இலை வந்துரும், ஹீரோயின் டேட்டு சித்திரைலன்னா என்ன செய்வீங்கன்னு ஒரு கேள்வி. சிறுகதை எழுதுறப்ப மழைக்கு காசு கிடையாதுல்லா.

பக்கக் கணக்கும் ஒண்ணு உண்டு, ஒரு பக்கம் ஒரு நிமிஷம்னு. அது கூரியர் ஃபான்ட்டுல 12 சைஸ்ல இங்கிலீஷ்ல அடிக்கிறதுக்கு உண்டான கணக்கு. தமிழ்ல நம்ம எழுத்து அகலம், வார்த்தை நீளம், அத அப்படியே நம்பினா படம் மூணு மணி நேரம்னு பயந்து போவோம். இடது பக்கம் நடக்கிறது, வலது பக்கம் பேசுறதுன்னு ரெண்டா பிரிச்சு எழுதுற நம்ம பழைய முறைல பக்கத்த எண்ணவே முடியாது. நான் வாயால வாசிச்சு போன்ல டைமர் வச்சுத்தான் பாக்கேன். டி.டி.பி.காரிக்கு இதுல ஒரு தனி சந்தோஷம், எனக்க ஃபார்மட்டு மட்டும் கண்ணாடி மாதிரி இருக்கும், கதை எப்படி இருந்தாலும்.

வட்டார வழக்குக்கு வாறேன், இதுலதான் சண்டை ஜாஸ்தி. எங்க வீட்டுலயே ரெண்டு தமிழ். அம்மா சுசீந்திரம் பக்கம், நாஞ்சில் நாட்டுக்காரி, அப்பா விளவங்கோடு. அம்மா தண்ணிம்பா, அப்பா வெள்ளம்பாரு. அவ "போட்டு வாறேன்"பா, அவரு "நான் பறஞ்சதாக்கும்"பாரு. கடலோரத்துக்கு போனா அது மூணாவது தமிழ், வேகமே வேற. 1956 நவம்பர் 1-ஆம் தேதி வரைக்கும் இந்த ஜில்லா திருவிதாங்கூர்-கொச்சில இருந்ததுதானே, அதுக்குன்னு ஒரு வாசம் பேச்சுல இருக்கும். மெட்ராஸ்ல ஒரு ஆபீஸ்ல எனக்க டயலாக்க வாசிச்சுட்டு ஒரு தம்பி "அக்கா இது மலையாள படமா?"ன்னு கேட்டான். இன்னொருத்தரு "நெல்லை தமிழ்னு வச்சிக்கலாமே, ஜனங்களுக்கு அது பழகிப் போச்சு"ன்னாரு. ஏலேன்னு ஒண்ணு சேத்தா நாகர்கோவில் ஆயிரும்னு அவருக்கு நினைப்பு.

முதல்ல நான் பிடிவாதமா நின்னேன். அப்புறம் இன்னொரு படத்துக்கு டயலாக் மட்டும் பாத்துக் குடுக்கிற சோலி வந்தது, 25,000 பேசி, 10 சதவீதம் டி.டி.எஸ். வரி பிடிச்சு 22,500 அக்கவுன்ட்டுல விழுந்தது, எழுத்துல எனக்கு வந்த பெரிய காசு அன்னிக்கு வரைக்கும் அதுதான். அங்க நடிச்ச பிள்ளை கோயமுத்தூர்க்காரி. நான் எழுதின "எனக்க", "உனக்க", "அங்கன" எல்லாத்தையும் மனப்பாடமா ஒப்பிச்சா, வார்த்தை எல்லாம் சரி, ஆனா எங்க ஊரு பொம்பளையா கேக்கல. ஏன்னா எங்க ஊர்ல இழுவை வாக்கியக் கடைசில வரும், அவ முதல்ல இழுத்தா. அப்ப புரிஞ்சுது, வார்த்தைய நெறைய அள்ளிப் போட்டா வழக்கு வந்துராது. ஒரு சீனுக்கு ரெண்டோ மூணோ வார்த்தை போதும், மத்தது வாக்கியம் முடியிற இடத்துல இருக்கு, எங்க நிறுத்தி எங்க "கேட்டியா"ன்னு போடுதோம்ங்கிறதுல இருக்கு. வெள்ளம்னு எழுதினா மெட்ராஸ்காரன் பிரளயம்னு நினைப்பான், அதனால ஆளு கைல ஒரு செம்பையும் குடுத்துட்டேன், இப்ப எவனும் கேக்க மாட்டான்.

இனி ஒரு கசப்புக் கத.

எங்க மாமா ஒருத்தரு, அம்மைக்க அண்ணன், வில்லுப்பாட்டு செட்டுல இருந்தவரு. தலைமப் பாட்டுக்காரரு இல்ல. பக்கத்துல உக்காந்து தாளம் தட்டிட்டு "ஆமா" போடுறவரு. பாட்டுக்காரரு "அந்தக் காட்டுக்குள்ள போனாரு"ன்னு நிறுத்துவாரு, இவரு "போனாரு ஆமா"ம்பாரு. சின்ன வயசுல எனக்கு அது ஒரு வேலயான்னு தோணும். இப்ப மாமா சொல்லுவாரு, "பிள்ளே, ஆமா நான் சும்மா போடல. சனம் கேக்காங்களா தூங்குதாங்களான்னு பாட்டுக்காரனுக்கு தெரியாது, அவன் கண்ணு சாமில இருக்கும். எனக்க ஆமா கனமா விழுந்தா சனம் முழிச்சிருக்குன்னு அர்த்தம், லேசா விழுந்தா வேகமா போன்னு அர்த்தம்." சாமி வாற கட்டம் நடுச்சாமத்துக்கு சரியா வந்து நிக்கணும், சாமியாடி அங்க காத்துட்டு நிப்பாரு, அதுக்கு முன்னால முடிஞ்சாலும் தப்பு பின்னால போனாலும் தப்பு. கொஞ்சம் நேரம் கெடந்தா வர்ணனைய இழுப்பாங்க, நேரம் போயிருச்சுன்னா ரெண்டு தலைமுறைய ஒரு வரில தாண்டுவாங்க. சினிமாக்காரன் இன்டர்வல் பிளாக்குன்னு சொல்றத மாமா செட்டு சுடலைமாடன் கதைல எத்தனையோ வருஷமா வாட்ச் இல்லாம செஞ்சுட்டு இருந்திருக்கு.

அந்த ரத்தம் இருக்கிறதால கதை சொல்றது எனக்கு பயமே இல்ல. வாயால சொன்னா நல்லா சொல்லுவேன். சினிமாவும் வாயாலதான் ஓடுது, யாருக்கும் வாசிக்க நேரம் இல்ல, "நரேஷன் குடுங்க"ம்பாங்க. அப்படித்தான் ஒரு ஆபீசுக்கு போனேன். எந்த ஏரியா, என்ன பேருன்னு எழுதப் போறது இல்ல. அக்கா தங்கச்சி ரெண்டு பேரு, அப்பன் தோட்டத்த பாகம் வச்சு குடுத்துட்டு போயிட்டான், எல்கைல ஒரு ரப்பர் மரம் நிக்குது, வேரு அக்கா பக்கம், பட்டைல வெட்டுற முகம் தங்கச்சி பக்கம். பால் யாருக்கு? அதுதான் கதை. ஒன்றரை மணி நேரம் சொன்னேன். அங்க உக்காந்திருந்தவரு ஆமா போடல, "அப்புறம்? அப்புறம்?"னு மட்டும் கேட்டாரு. அதுலயே நான் சுதாரிச்சிருக்கணும்னு மாமா இப்ப சொல்லுதாரு, "அப்புறம்னு கேக்கிறவன் கதைய வாங்கிட்டு இருக்கான் பிள்ளே, ஆமாம்பவன் கேட்டுட்டு இருக்கான்." நல்லாருக்கு, கூப்பிடுறோம்னாங்க. கூப்பிடல.

ஒன்றரை வருஷம் கழிச்சு ஒரு படம் வந்தது, அண்ணன் தம்பி, எல்கை, நடுவுல ஒரு கெணறு. மரம் இல்ல, ரப்பர் இல்ல, எங்க ஊரும் இல்ல. ஆனா முடிச்சு அதே முடிச்சு. அந்த ஆபீசுக்கும் படத்துக்கும் சம்பந்தம் இருந்துச்சு. நான் தியேட்டர்லயே அழுதேன். அவங்களுக்கே தோணியிருக்கவும் செய்யலாம், எல்கைத் தகராறு எனக்கு மட்டும் சொந்தமா என்ன, அப்பா ஆபீஸ்ல தெனம் நாலு வரும். இத நான் இப்ப நிதானமா எழுதுதேன், அன்னிக்கு அப்படி இல்ல.

குழித்துறைல ஒரு வக்கீல பாத்தோம். அவரு முதல்ல கேட்டது, "எழுதி வச்சிருக்கியா?" நோட்டுல குறிப்பு இருக்கு சார்னேன். "அனுப்பினதுக்கு மெயில் இருக்கா?" வாயால சொன்னேன் சார்னேன். அவரு பேனாவ மூடி வச்சிட்டாரு. அப்புறம் பொறுமையா சொன்னாரு, கருத்துக்கு காப்பிரைட் கிடையாது, கருத்த நீ எப்படி எழுதி வடிவமாக்கினியோ அந்த வடிவத்துக்குத்தான். 1978-ல சுப்ரீம் கோர்ட்டு ஆர்.ஜி. ஆனந்த் வழக்குல இத தெளிவா சொல்லியிருக்கு, அதுல நாடகம் எழுதினவரு முழுசா எழுதி மேடையும் ஏத்தினவரு, அவரே தோத்துட்டாரு, நீ நோட்டுக் குறிப்ப வச்சு என்ன செய்வா? ஃபீசும் வாங்கல பாவம்.

திரும்பி வாறப்ப பஸ்ல அப்பா ஒண்ணும் பேசல. பாலம் தாண்டினப்புறம் மட்டும் "நாப்பது வருஷமா ஊருக்கு எழுதிக் குடுக்கேன், எனக்க மோளு வாயால வித்துட்டு வந்துருக்கா"ன்னாரு. அது இன்னும் எனக்கு காதுல கெடக்கு.

அதுக்கப்புறம் நான் யாருக்கு கதை சொன்னாலும் அதுக்கு முன்னால மூணு பக்க சுருக்கம் மெயில்ல போயிரும், சொல்லி முடிச்சதும் "இன்னிக்கு உங்ககிட்ட இந்தக் கதைய சொன்னேன், நேரம் தந்ததுக்கு நன்றி"ன்னு இன்னொரு மெயில். மரியாதையாவும் இருக்கும், தேதியும் இருக்கும். ஸ்கிரிப்ட் முழுசா ஆனதும் காப்பிரைட் ஆபீஸ்ல ஆன்லைன்ல போட்டேன், எழுத்துப் படைப்புக்கு ஃபீஸ் 500 ரூபா. டைரி நம்பர் உடனே வரும், அதுக்கப்புறம் யாராவது ஆட்சேபணை சொல்ல 30 நாள் காத்திருக்க வைப்பாங்க, பொறவுதான் எடுத்து பாப்பாங்க, சர்டிபிகேட் வர மாசக்கணக்கு. பதிஞ்சாத்தான் உரிமைன்னு இல்ல, எழுதினவுடனே உரிமை வந்துருது, ஆனா நாளைக்கு ஒரு தகராறுன்னா காட்ட ஒரு காகிதம் வேணும்ல. மெட்ராஸ்ல தென்னிந்திய திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்துலயும் மெம்பரா இருந்தா கதைய பதிஞ்சு வைக்கலாம், சினிமாவுக்குள்ள ஒரு பஞ்சாயத்துன்னா கோர்ட்டுக்கு முன்னால அங்கதான் போவாங்க.

சரி, ஞாயித்துக்கிழமைக்கு வருவோம். இந்த அக்ரிமென்ட் அந்த பால்வெட்டுக்காரி கதைக்கு வந்தது, வேற ஒரு கம்பெனி, நல்ல மாதிரியாத்தான் பேசுதாங்க. ரெண்டு பாகம். ஒண்ணு ஆப்ஷன், 18 மாசத்துக்கு கதைய வேற யாருக்கும் குடுக்கக் கூடாது, அதுக்கு ஒரு தொகை. ரெண்டாவது, அவங்க எடுக்கிறதுன்னு முடிவு பண்ணினா முழுசா எழுதி வாங்குறது. நான் விளக்க வாயத் தொறக்கும் முன்ன அப்பா சொல்லிட்டாரு, "முதல்ல உள்ளது கிரய அக்ரிமென்ட்டு, அட்வான்ஸும் கெடுவும் போட்டு எழுதுறது. ரெண்டாவது கிரயப் பத்திரம். அப்ப லைசென்ஸ்னு நீ அன்னிக்கு சொன்னது பாட்டத்துக்கு விடுறது." மூணு மாசம் நான் இங்கிலீஷ்ல வாசிச்சு குழம்பினத மனுஷன் ஒரு சாயால முடிச்சிட்டாரு.

அப்புறம் 1957 காப்பிரைட் சட்டத்தோட 19-ஆம் பிரிவ நான் பிரிண்ட் எடுத்து வச்சிருந்தத வாசிச்சு காட்டினேன். எந்தப் படைப்பு, என்னென்ன உரிமை, எவ்வளவு காலம், எந்தெந்த எடம், என்ன தொகை, எல்லாம் எழுத்துல இருக்கணும், கையெழுத்தும் வேணும். காலம் எழுதாம விட்டா அஞ்சு வருஷம்னு எடுத்துக்கணும், எடம் எழுதாம விட்டா இந்தியா மட்டும்னு எடுத்துக்கணும். அப்பா முகம் அப்பதான் தெளிஞ்சுது. "அப்ப சட்டத்துல நாலு எல்கை இருக்கு! இவனுங்கதான் அண்டசராசரம்னு அழிச்சு எழுதி வச்சிருக்கானுங்க." பென்சில எடுத்துட்டாரு.

14-வது ஷரத்துல ஒரு வரி இருந்தது, 19-ஆம் பிரிவு 4-ஆம் உட்பிரிவு இந்த ஒப்பந்தத்துக்கு பொருந்தாதுன்னு. நான் நாலு தடவ வாசிச்சும் தாண்டிப் போன வரி. அப்பா அது என்னன்னு கேட்டாரு. எடுத்துப் பாத்தா, எழுதி வாங்கின உரிமைய ஒரு வருஷத்துக்குள்ள அவங்க பயன்படுத்தலேன்னா அது காலாவதி ஆயிரும், வேற விதமா எழுதியிருந்தா ஒழியங்கிற விதி அது. அந்த "ஒழிய"வதான் அவங்க பிடிச்சிருக்காங்க. வாங்கி பெட்டில போட்டு பூட்டினாலும் கதை நம்ம கைக்கு திரும்பாது. "சின்ன எழுத்துல ஒரு வரி, பெரிய தோட்டம் போயிரும்"னாரு அப்பா. அது அவருக்க அனுபவம். ஒரு வருஷத்துல படம் எடுக்க முடியாதுன்னும் எனக்கு தெரியும், நாஞ்சில் நாடனோட முதல் நாவல் 1977-ல வந்தது, அது "சொல்ல மறந்த கதை"ன்னு படமா வந்தது 2002-ல, 25 வருஷம். அதனால ஒரு வருஷத்துக்கு பதிலா மூணு வருஷம், அதுக்குள்ள ஷூட்டிங் தொடங்கலேன்னா கதை திரும்பி வரணும்னு பென்சில்ல எழுதினோம். நாவலா எழுதுற உரிமை எனக்கே. வேற மொழிக்கு தனியா பேசணும். இன்னிக்கு இல்லாத, நாளைக்கு எவனோ கண்டுபிடிக்கப் போற மீடியாவுக்கும் சேத்துன்னு ஒரு வரி, அத அடிச்சிட்டோம், பேரு சொல்லி எழுதாம அது அவங்களுக்கு போகாதுன்னு 2012 திருத்தத்துல இருக்கு. அதே திருத்தத்துல இன்னொண்ணும் இருக்கு, தியேட்டர்ல ஓடுறதத் தவிர மத்த வழில வாற ராயல்டில எழுதினவனோட பங்க வாரிசுக்கும், ராயல்டி வசூல் பண்ணிக் குடுக்கிற காப்பிரைட் சொசைட்டிக்கும் தவிர யாருக்கும் எழுதிக் குடுக்க முடியாது. காசு கைக்கு வந்து சேருதாங்கிறது வேற வழக்கு, ஆனா "விக்க முடியாத பங்கு"ன்னு கேட்டதும் அப்பாவுக்கு ஒரே சந்தோஷம்.

"எவ்வளவு காலத்துக்கு இந்த உரிமை?"ன்னு கேட்டாரு. நான் உயிரோட இருக்கிற வரைக்கும், அதுக்கு மேல 60 வருஷம்னேன். அடுக்களைல இருந்து அம்மா கரண்டியோட வந்துட்டா. "காலங்காத்தால எழவு பேச்சு பேசாம எந்திரிச்சு திங்க வாங்க. மரச்சீனி ஆறிப் போவுது."

பென்சில் மார்க்கோட ஸ்கேன் பண்ணி திங்கக்கிழமை அனுப்பிட்டேன். புதன்கிழமை அங்கிருந்து போன், அந்தப் பையன் சிரிச்சுட்டே "மேடம், உங்க லாயர் யாரு, ரொம்ப ஸ்ட்ராங்கா இருக்காரு"ன்னான். பத்திரம் எழுதுறவரு தம்பின்னேன். அண்டசராசரத்த இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், வளைகுடான்னு குறைக்க ஒத்துக்கிட்டாங்க. மூணு வருஷத்துக்கு இன்னும் பதில் வரல, அஞ்சுன்னு கேப்பாங்கன்னு அப்பா சொல்லுதாரு, நாலுல முடிப்போம்னு அவருக்க கணக்கு. இத அவரு நிலம் பேசுற மாதிரியே பேசுறதப் பாக்க எனக்கு பயமாவும் இருக்கு, கொஞ்சம் பெருமையாவும் இருக்கு.

நேத்து சாயங்காலம் சுசீந்திரம் போயி மாமாவ பாத்தேன். கண்ணு சரியா தெரியல இப்ப, வாசிக்க முடியாது. "எழுதினது இருக்கட்டு, சொல்லு"ன்னாரு. 84 சீன். திண்ணைல உக்காந்து தொடங்கினேன், மாமா கட்டில்ல சாஞ்சுக்கிட்டு விரலால கட்டில் சட்டத்துல தாளம் தட்டிட்டே கேட்டாரு. முதல் சாவு சீன்ல "ஆமா". அவ நெத்தில டார்ச் கட்டுறப்ப "கெட்டினா ஆமா". சிரட்டய கழட்டி சாக்குல போடுற சீன்ல வாயத் தொறக்கல, தாளம் மட்டும் நின்னுச்சு, அது ஆமாவ விட பெருசுன்னு எனக்கு தெரியும்.

31-வது சீன்ல, தோட்டக்காரன் அவள திட்டுற எடத்துல, ஆமா வரல. தாளமும் ஓடிட்டே இருந்துச்சு. 32, 33-லயும் லேசாத்தான் விழுந்தது. முடிச்சப்புறம் கேட்டேன், அந்த எடம் என்ன மாமான்னு. "அவன் திட்டுதான், செரி. எவனும் திட்டத்தான் செய்வான். அவ கைல அப்ப என்ன இருந்துச்சு?"ன்னு கேட்டாரு. எனக்கு பதில் இல்ல. அவ சும்மா நின்னுட்டு இருந்தா.

இன்னிக்கு கடைல மூணு கல்யாண கார்டு இருக்கு, ஒரு கொடை நோட்டீசு. முடிச்சிட்டு 31-அ எடுக்கணும்.